இணையத் தொடர்பைக் கடைமடையில் அளந்து தேர்ந்தெடுத்தல்

இணையத் தொடர்பு விவசாயிகளுக்கு இன்றியமையாத சாதனங்களில் ஒன்றாகிவிட்டது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2016-ம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசிய மின்னணு வேளாண் சந்தையில் விலை நிலவரம் அறிவதற்கும், 2019 முதல் வழங்கப்பட்டுவரும் பிரதம மந்திரி கிசான் உதவித் தொகைக்கு அடையாளச் சரிபார்ப்புச் செய்வதற்கும், தூரத்து வயலிலுள்ள மோட்டாரை வீட்டிலிருந்தே ஓட்டி நிறுத்துவதற்கும், நெல் கிடங்கைக் காமிரா வைத்துக் கண்காணிப்பதற்கும் அது வேண்டியிருக்கிறது. தொடர்பு ஓர் இரவு அறுந்துபோனால் மோட்டார் நிற்காமல் ஓடித் தண்ணீரும் மின்சாரமும் வீணாவதுண்டு. ஓடவேண்டிய மோட்டார் ஓடாமல் நாற்றங்கால் காய்வதும் உண்டு. ஆகவே இஃது ஆடம்பர விஷயமன்று. வரவு செலவைப் பற்றிய விஷயமேயாகும்.

ஓரளவு நிலமுள்ளவர்களுக்கு எல்லாம் ஒரே இடத்தில் அமைவதில்லை. வீடு ஊருக்குள் இருக்கும்; மோட்டார் கொட்டகை ஒரு பக்கம், களமும் கிடங்கும் வேறொரு பக்கம், தென்னந்தோப்பு இன்னும் அப்பால் இருக்கும். இவ்விடங்களில் எல்லாம் சிறிய வானொலிக் கருவிகளை நிறுத்தி, ஒவ்வொன்றும் தனக்கு வந்த செய்தியை அடுத்ததற்குக் கைமாற்றிவிடும்படி அமைப்பதே மெஷ் என்று சொல்லப்படும் வலைப்பின்னல். அதில் வெளியுலகிற்குச் செல்லும் தொடர்புகள் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கலாம். வீட்டில் ஃபைபர் என்னும் கண்ணாடி இழைக் கம்பி, கிடங்கில் கைப்பேசிக் கோபுரத்தோடு பேசும் சிம் கருவி, தோப்பு வீட்டில் வேறொரு கம்பெனியின் சிம் என்று இரண்டு மூன்று வாயில்கள் அமைவதுண்டு. இவற்றுள் எந்த வாயில் சிறந்தது என்பதே கேள்வி.

இக்கேள்விக்குப் பெரும்பாலோர் விடை காணும் முறை தவறானது. விளம்பரத்தில் எந்தக் கம்பெனி பெரிய எண்ணைப் போட்டிருக்கிறதோ அதை வாங்கி, வீட்டுத் திண்ணையில் வைத்துச் சோதித்து, திருப்தியடைந்து, எல்லாக் கொட்டகைகளையும் அதனோடு பிணைத்துவிடுகின்றனர். பின்னர்த் தோப்பில் காமிரா திக்கித் திணறினால் கருவியைக் குறை கூறுகின்றனர். கருவியை மாற்றியும் பயன் காணாமல் மேலும் பெரிய எண்ணுள்ள திட்டத்திற்குப் பணம் கட்டுகின்றனர். பணம்தான் கரைகிறதேயொழியக் குறை தீருவதில்லை. சிறந்த தொடர்பு என்பது கம்பியின் குணம் அன்று. அதைப் பயன்படுத்தும் இடத்தைப் பொறுத்த குணமாகும். வீட்டிற்குச் சிறந்தது கொட்டகைக்குச் சிறந்ததாக இராது.

வாய்க்கால் பாசனம் செய்பவர்களுக்கு இந்த உண்மையை எடுத்துச் சொல்ல வேண்டுமா? அணையில் இத்தனை கன அடி திறந்துவிட்டார்கள் என்ற செய்தியைக் கேட்டு எந்தக் கடைமடை விவசாயியும் நடவுக்கு ஆள் கூப்பிடுவதில்லை. தன் வயல் மடையில் எவ்வளவு தண்ணீர் பாய்கிறது என்று பார்த்த பிறகே கூப்பிடுகிறார். நடுவிலுள்ள குறுகலான மதகு எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் கீழே வரும். இணையத் தொடர்பும் அப்படியே.

ஒரு கணக்கு

ஒரு பண்ணை வீட்டில் வினாடிக்கு 100 மெகாபிட் தரும் ஃபைபர் இருப்பதாகக் கொள்வோம். அங்கிருந்து தோப்பிலுள்ள மோட்டார் கொட்டகைக்கு மூன்று கைமாற்று. ஒரு கருவிக்கும் அடுத்த கருவிக்கும் இடையே வானொலி வழியில் உண்மையாகச் செல்லக்கூடியது 24 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கருவிகளும் ஒரே அலைவரிசையில் வேலை செய்தால், ஒன்று பேசும்போது பக்கத்திலுள்ளவை வாய்மூடி இருக்கவேண்டும். ஆகவே மூன்று கைமாற்றுக்குப் பின் மிஞ்சுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 மெகாபிட். வீட்டில் 100 இருந்தாலும் 300 இருந்தாலும் கொட்டகைக்கு 8 தான். கொட்டகைக்கு ஒரே கைமாற்றுத் தொலைவிலுள்ள கிடங்கில் 15 மெகாபிட் தரும் சாதாரணச் சிம் கருவி இருந்தால், கொட்டகையைப் பொறுத்தவரை அதுவே சிறந்த வாயிலாகும். 300 மெகாபிட் திட்டத்திற்குக் கட்டும் அதிகப் பணத்தால் கொட்டகைக்கு ஒரு துளியும் பிரயோசனமில்லை.

அதனால் கைமாற்று எத்தனை குறைவோ அத்தனை நன்று என்றும் முடிவு கட்டிவிடக்கூடாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் கேம்பிரிட்ஜ் நகரத்து வீட்டுக் கூரைகளின்மேல் ரூஃப்நெட் என்னும் வலைப்பின்னலை அமைத்துப் பல ஆராய்ச்சிகள் செய்தனர். 2003-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு யாதெனில், குறைந்த கைமாற்று உள்ள வழியைத் தேடும் கருவி பெரும்பாலும் நீளமான, பலவீனமான இணைப்பையே தேர்ந்துகொள்கிறது என்பதாகும். எனவே ஒரு பொட்டலம் செய்தி பழுதின்றிப் போய்ச் சேர எத்தனை தடவை அனுப்ப வேண்டியிருக்கிறது என்பதையே அவர்கள் அளவுகோலாகக் கொண்டனர்.

அதைக் கணக்கிடுவது எளிது. ஓர் இணைப்பில் பத்துப் பொட்டலம் அனுப்பினால் ஒன்பது போய்ச் சேர்கிறது. அதற்குரிய ரசீதும் பத்துக்கு ஒன்பது திரும்புகிறது. 0.9-ஐ 0.9-ஆல் பெருக்க 0.81. ஒன்றை 0.81-ஆல் வகுக்க 1.23. அப்படிப்பட்ட நல்ல இணைப்பு இரண்டைக் கடக்கச் சுமார் 2.46 தடவை அனுப்பவேண்டும். மாறாக, தூரத்துக் கருவியோடு நேரே பேசும் இணைப்பில் பத்துக்கு ஆறு போய், ரசீது பத்துக்கு ஐந்து திரும்பினால் 0.30 ஆகிறது, 3.33 தடவை அனுப்பவேண்டும். ஆக, இரண்டு நல்ல இணைப்பு ஒரு கெட்ட இணைப்பைவிட மேலானது. சேற்றில் குறுக்கே வண்டியை இறக்குவதைவிடச் சுற்றியாயினும் நல்ல பாதையில் ஓட்டுவதே லாபம் என்பதை அறியாத வண்டிக்காரர் உண்டோ? போகும் வழியை மட்டுமின்றித் திரும்பும் வழியையும் அளக்கவேண்டும் என்பதும் இக்கணக்கிலிருந்து விளங்கும்.

வாயிலுக்கு அப்பால் பார்த்தல்

கருவியே சிறந்த வழியைத் தானாகத் தேர்ந்துகொள்ளும்போது விவசாயி ஏன் தலையிட வேண்டும் என்று சிலர் வினவுவர். கருவி தனக்குத் தெரிந்ததைக்கொண்டே தேர்ந்தெடுக்கும்; அதற்குத் தெரியாதவை பல.

முதலாவதாக, வாயில் நிலையம் வரையுள்ள வழி நன்றாக இருக்கலாம். அதற்கு அப்பால் கம்பி அறுந்திருக்கலாம். மடை திறந்தே இருக்கிறது, ஆனால் மேலே வாய்க்கால் வறண்டிருக்கிறது என்பது போன்ற நிலை அது. வாயில் கருவி விழித்திருப்பதை மட்டும் பார்க்கும் வலைப்பின்னல், எல்லாச் செய்தியையும் அந்த வறண்ட வாயிலுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகையால் வாயில் கருவி, வெளியுலகில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடங்களைச் சில விநாடிகளுக்கொரு முறை கூப்பிட்டுப் பார்த்து, இரண்டும் பதில் தராதபோது தன்னை வாயிலன்று என்று அறிவித்து விலகிக்கொள்ளும்படி அமைக்கவேண்டும். ஒரே இடத்தைக் கூப்பிட்டால், அவ்விடத்தில் நேர்ந்த கோளாற்றைத் தன் கோளாறாக எண்ணிவிடும்.

இரண்டாவதாக, வாயில் நிலையங்கள் தங்கள் வேகம் இவ்வளவு என்று அறிவிக்கும் எண் பல முறைகளில் அளந்து கண்டதன்று. அமைத்தவர் எழுதி வைத்ததேயாகும். விளம்பரத்திலுள்ள எண்ணை அப்படியே எழுதி வைத்தால் பொய்ப் பலகையைப் பார்த்துச் செய்தி பாயும். மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை ஊரெல்லாம் கைப்பேசியும் கையுமாக இருக்கும் நேரத்தில், காலையில் 15 மெகாபிட் தந்த சிம் 3 மெகாபிட் தந்தாலும் வியப்பில்லை. பலகையில் எழுத வேண்டியது அந்த 3-ஐத்தான். ஏறுவழியின் வேகத்தையும் தனியே எழுதவேண்டும். காமிராவின் படம் வயலிலிருந்து வெளியே போகவேண்டியது. அதற்கு இறங்குவழி எத்தனை அகலமாக இருந்தும் பயனில்லை.

அடிக்கடி மாற்றுவதன் தீங்கு

எது வேகமோ அதற்கு நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருப்பதே கெட்டிக்காரத்தனம் என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. இதுவும் பிழை. ஒவ்வொரு வாயிலுக்கும் வெளியுலகில் ஒரு விலாசம் உண்டு. பாங்கியிலோ ஏலத்திலோ ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கையில் வாயில் மாறினால் விலாசமும் மாறுகிறது. எதிர்ப்புறத்தார் இவர் வேறொருவர் என்று எண்ணிக் காரியத்தை முறித்துவிடுகின்றனர். முதலிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும். ஏலத்தில் அதற்குள் நேரம் கடந்துவிடும்.

ரூஃப்நெட்டைப் பற்றி 2005-ல் வெளியான விவரத்தில் 37 நிலையங்களும் நான்கு வாயில்களும் குறிக்கப்பட்டுள்ளன. அதில் கையாண்ட விதி கவனிக்கத் தக்கது. வேறொரு வாயில் சிறந்ததாகிவிட்டாலும், ஏற்கெனவே தொடங்கிய காரியம் பழைய வாயில் வழியாகவே முடியும். புதிதாகத் தொடங்குபவை மட்டும் புதிய வாயிலுக்குச் செல்லும். ஜெர்மனியில் ஃப்ரைஃபுங்க் என்னும் பொதுமக்கள் வலைப்பின்னல் இயக்கத்தாரிடையே 2006 முதல் உருவாகிய பாட்மேன் என்ற முறையிலும் இதே நிதானம் உண்டு. அதில் வழியின் தரம் 0 முதல் 255 வரையுள்ள எண்ணால் குறிக்கப்படுகிறது. புதிய வாயில் பழையதைவிட 20 புள்ளியாவது மேலாக இருந்தாலொழிய மாறாமலிருக்கும்படி அமைக்கலாம். வெறும் இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்திற்காக வாயில் மாறுவது, அரைப்படி அதிகம் கறக்கும் என்று மாதந்தோறும் மாடு மாற்றுவதைப் போன்றது.

இரண்டு தொடர்பும் ஒரே கம்பத்தில்

இரண்டாவது தொடர்பு எதற்காக? முதலாவது கெடும்போது உதவுவதற்காக. ஆனால் இரண்டும் ஒரே காரணத்தால் கெடுமானால் இரண்டு இருந்தும் ஒன்றுமில்லாததே. வெவ்வேறு கம்பெனிகளின் ஃபைபர் ஒரே மின்கம்பங்களின்மேல் தொங்கிக்கொண்டு வரலாம். கைப்பேசிக் கோபுரத்திற்கே செய்தி கொண்டுவரும் கம்பியும் அதே பாதையில் வரக்கூடும். 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலில் மின்கம்பங்கள் ஏராளமாகச் சாய்ந்ததையும், மின்சாரமும் தொலைத்தொடர்பும் சேர்ந்தே நின்றதையும் டெல்டா விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகையால் இரண்டாவது தொடர்பை வாங்குமுன் அது வரும் பாதையைக் காலால் நடந்து பார்க்கவேண்டும். ஃபைபர் கிழக்கேயிருந்து வந்தால், சிம் கருவி மேற்கேயுள்ள கோபுரத்தோடு பேசுமா என்று சோதிக்கவேண்டும். சற்று வேகம் குறைந்தாலும் விதி வேறான தொடர்பே இரண்டாவதாக இருக்கத் தக்கது.

இதனோடு மின்சாரத்தையும் சேர்த்து எண்ணவேண்டும். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை சுற்றுப்புறக் கிராமங்களிலுள்ள தன் பார்வை மையங்களை நீண்டதூர வைஃபை இணைப்பு மூலம் பிணைத்து, நோயாளிகள் தங்கள் ஊரிலிருந்தே டாக்டரோடு பேசும்படி செய்தது. கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் அதில் துணை நின்றனர். அந்த வலைப்பின்னலையும் இமாசலப் பிரதேசத்துத் தர்மசாலாவிலுள்ள ஏர்ஜல்தி வலைப்பின்னலையும் ஆராய்ந்து 2008-ல் வெளியான கட்டுரை, கோளாறுகளுக்குத் தலையாய காரணம் மின்சாரத்தின் தரக்குறைவே என்று காட்டுகிறது. மின்னழுத்தம் திடீரென ஏறுவதும் தாழ்வதும் கருவிகளைக் கெடுத்தன. எனவே வேகத்திற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை நல்ல பூமி இணைப்பிற்கும், அழுத்தக் காப்பிற்கும், பாட்டரிக்கும் ஒதுக்குவது புத்திசாலித்தனம். பத்து வாட் எடுக்கும் ஒரு கருவிக்கு ஒரு நாளைக்கு 240 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட் 40 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் 480 இருக்கிறது. பாட்டரி கெடாதபடி பாதியளவே எடுத்தாலும் ஒரு முழு நாள் ஓடும். நடுவிலுள்ள ஒரு கைமாற்று நிலையம் மின்சாரமின்றி அணைந்துபோனால், அதையே நம்பியுள்ள கொட்டகைகளுக்கு இரண்டு வாயிலும் அடைபட்டதாகவே பொருள்.

பயிரின் உயரமும் கணக்கில் சேரும். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு கிலோமீட்டர் தூர இணைப்பின் நடுவே, நேர்கோட்டைச் சுற்றிச் சுமார் 3.6 மீட்டர் ஆரமுள்ள வெளி வேண்டும். அதில் ஐந்தில் மூன்று பங்காவது தடையின்றி இருக்கவேண்டும். கரும்பு கரணை வைத்த மாதத்தில் தெளிவாயிருந்த இணைப்பு, கரும்பு ஆளுயரத்திற்குமேல் வளர்ந்து மழையில் நனைந்து நிற்கும்போது தடைப்படும். ஆதலின் ஒருமுறை அளந்து ஓய்ந்துவிடாமல், வறட்சியில் ஒரு முறையும் பயிர் முற்றிய மழைக்காலத்தில் ஒரு முறையும் அளக்கவேண்டும்.

பதினைந்து நாள் குறிப்பு

புதிய திட்டத்திற்குப் பணம் கட்டுமுன் பதினைந்து நாள் குறிப்பு எழுதிப் பார்ப்பதே சிறந்த யோசனை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். காலை ஆறு, நண்பகல், இரவு எட்டு ஆகிய மூன்று வேளையிலும், வீட்டிலிருந்தன்று, கடைசிக் கொட்டகையிலிருந்து, ஒவ்வொரு வாயிலையும் தனித்தனியே சோதிக்கவேண்டும். நூறு பொட்டலம் அனுப்பி எத்தனை திரும்பின, இறங்குவழி எவ்வளவு, ஏறுவழி எவ்வளவு, மின்சாரம் இருந்ததா, மழை பெய்ததா என்ற ஐந்தையும் குறிக்கவேண்டும். பதினைந்து நாள் முடிவில் சராசரியைப் பார்க்கவேண்டுவதில்லை. மிக மோசமான மூன்று நாட்களைப் பார்த்தால் போதும். அந்நாட்களில் எந்த வாயில் தாங்கியதோ அதுவே அக்கொட்டகைக்கு முதல் வாயில், மற்றது துணை. மோட்டாரை ஓட்டி நிறுத்த மிகச் சிறிய செய்தி போதுமாகையால், அதற்கு வேகத்தைவிட அறாத தொடர்பே முக்கியம். காமிராவிற்கு ஏறுவழி அகலம் முக்கியம். ஒரே பண்ணையில் இரண்டுக்கும் இரண்டு வாயில் சிறந்ததாக அமைவதும் உண்டு.

எல்லோருக்கும் இவ்வளவு ஏற்பாடு வேண்டுமா என்றால், வேண்டாம். வீட்டை ஒட்டி இரண்டு ஏக்கர் உள்ளவருக்கு ஒரு கைப்பேசியே போதும்; அவர் வலைப்பின்னலுக்குச் செலவிடுவது வீண். மூன்று நான்கு இடங்களில் சொத்தும் யந்திரமும் உள்ளவர்களுக்கும், பல இடங்களில் கொள்முதல் செய்யும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குமே இக்கருத்து பொருந்தும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 2011-ல் தொடங்கப்பட்டு 2015-ல் பாரத்நெட் என்று பெயர் பெற்ற திட்டத்தின் நோக்கம் கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுவருவதாகும். ஊராட்சி அலுவலகத்திற்குக் கம்பி வந்ததா என்று மட்டும் பதிவு செய்யாமல், ஊரின் கடைசித் தெருவிலுள்ள பால் சொசைட்டியிலும் கொள்முதல் நிலையத்திலும் இரவு எட்டு மணிக்குத் தொடர்பு எப்படியிருக்கிறது என்றும் அவர்கள் குறித்து வைக்கவேண்டும். கோளாறு நேர்ந்த தேதியும் நேரமும் உள்ள குறிப்பேடு, மேலதிகாரிகளுக்கு எழுதும் பத்து விண்ணப்பங்களைவிட வலிமையுள்ளது. சட்ட விஷயத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005-லும், வெளியிடங்களில் பயன்படுத்த 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி 2018-லும், விதித்த சக்தி வரம்புக்கு உட்பட்டு, தனி லைசென்ஸ் வேண்டாதவையாக்கப்பட்டன. தன் சொந்த இடங்களைப் பிணைப்பது வேறு. அண்டை அயலாருக்குக் கட்டணம் வாங்கித் தொடர்பு கொடுப்பது வேறு. பின்னதற்கு 2020-ல் அங்கீகரிக்கப்பட்ட பி.எம்.வாணி போன்ற முறையான வழிகளையே நாடவேண்டும்.

மண்ணைச் சோதிக்காமல் உரம் போடக்கூடாது என்பது இவ்விலாகா நெடுங்காலமாகச் சொல்லிவரும் புத்திமதி. வழியை அளக்காமல் வேகத்தை வாங்கக்கூடாது என்பதும் அதனோடு சேரவேண்டும். அடுத்த தவணைப் பணம் கட்டுவதற்குமுன் விவசாயிகள் கடைசிக் கொட்டகைக்கு ஒருமுறை நடந்து சென்று, அங்கே நின்று அளந்து பார்ப்பார்களாக.